விமானப் பங்கு: விலைக்கு முன் பங்கு எண்ணிக்கையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமான நிறுவனப் பங்குகளைப் பற்றி நம்மவர்களிடையே மறுபடியும் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. விமானங்கள் நிரம்பிப் பறக்கின்றன, டிக்கெட் விலை ஏறிவிட்டது, பங்கோ கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது, அப்புறம் என்ன யோசனை என்று பலரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் இரண்டு கணக்குகள் விடுபட்டுப் போகின்றன. போட்டியாளருக்குப் பின்னால் யாருடைய பணம் நிற்கிறது என்பது ஒன்று. இந்த நிறுவனம் நெருக்கடியில் விழுந்தால் நம் கையில் உள்ள பங்கு மொத்தத்தில் எத்தனை விழுக்காடாகச் சுருங்கும் என்பது மற்றொன்று. பங்கு விலையைப் பார்த்து முடிவெடுக்கும் முன் இவை இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் விமானப் பங்கு வாங்க நினைப்பவருக்கு நடைமுறையில் இருப்பது ஏர் ஆசியா குடும்பம் மட்டும்தான். மலேசியா ஏர்லைன்ஸ் 2014 இறுதியில் பட்டியலிலிருந்து விலகிவிட்டது. ஃபயர்ஃபிளை அதன் குழுமத்தைச் சேர்ந்தது. பாத்தேக் ஏர் மலேசியா பட்டியலில் இல்லை. விமான நிலையங்களை நடத்தும் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனத்தையும் கசானா, ஊழியர் சேமநிதி வாரியம், இரண்டு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அடங்கிய கூட்டணி பங்குக்கு 11 ரிங்கிட் கொடுத்து வாங்கி, 2025 தொடக்கத்தில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஆக, சிறு முதலீட்டாளர் வாங்கக்கூடியது பந்தயத்தில் ஓடும் ஒரு தரப்பின் பங்கு மட்டுமே. மறு தரப்பின் உரிமையாளர் அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான கசானா.

கோவிட் காலத்தில் இரு தரப்பும் பணம் திரட்டிய விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலேசியா ஏர்லைன்ஸின் தாய் நிறுவனமான மலேசியா ஏவியேஷன் குரூப் 2021-இல் கடன்காரர்களுடன் பேசி 1,500 கோடி ரிங்கிட்டுக்கு மேல் பொறுப்பைக் குறைத்தது. அதோடு 2025 வரைக்குமாக 360 கோடி ரிங்கிட் புதிய மூலதனம் தர கசானா ஒப்புக்கொண்டது. அது மூலதனம். வட்டி கிடையாது, தவணை கிடையாது. அதே காலத்தில் ஏர் ஆசியாவுக்குக் கிடைத்தது, 50 கோடி ரிங்கிட் வங்கிக் கடனில் 80 விழுக்காட்டுக்கு நிதி உத்தரவாத நிறுவனமான டானாஜாமின் உத்தரவாதம். அதாவது, திருப்பிக் கட்ட வேண்டிய பணம். மீதியைத் தன் பங்குதாரர்களிடமே கேட்டது. 2021 டிசம்பரில் 75 சென் மதிப்புள்ள, பங்காக மாற்றத்தக்க இஸ்லாமியக் கடன் பத்திரங்களை ஆண்டுக்கு 8 விழுக்காடு இலாப விகிதத்தில் வெளியிட்டு 97.45 கோடி ரிங்கிட் திரட்டியது. ஒரே வானம், ஒரே நோய்த்தொற்று, ஒரே எரிபொருள் விலை. ஆனால் ஒருவருக்குக் கிடைத்த பணத்துக்கு விலை இல்லை, மற்றவருடையதற்கு 8 விழுக்காடு விலை.

இது நியாயமா என்ற விவாதத்தை நான் இங்கே தொடங்கவில்லை. சபாவும் சரவாக்கும் கடலுக்கு அப்பால் இருக்கும் நாட்டில், தேசிய விமான நிறுவனம் ஒரே நாளில் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. 2014-இல் எம்எச்370, எம்எச்17 என இரண்டு பேரிழப்புகளைச் சந்தித்த நிறுவனத்தை அரசு கைவிட்டிருக்க வேண்டும் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. ஆனால் முதலீட்டாளர் என்ற முறையில் இதன் விளைவைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

விளைவு என்ன? தனியார் போட்டியாளர் நட்டப்பட்டால் அவருடைய இருக்கைகள் சந்தையை விட்டுப் போய்விடுகின்றன. ராயானி ஏர் 2015 டிசம்பரில் பறக்கத் தொடங்கி 2016 ஜூனில் உரிமம் இழந்தது. மைஏர்லைன் 2022 டிசம்பர் 1-இல் தொடங்கி 2023 அக்டோபர் 12-இல் ஒரே நாளில் நின்றது. அது ஓடிய பத்து மாதத்தில் உள்நாட்டுக் கட்டணம் அழுத்தப்பட்டது. நின்றதும் அந்த இருக்கைகள் மறைந்தன. பயணிகளுக்குப் பெரிய துன்பம், எஞ்சிய நிறுவனங்களுக்கு மூச்சு விட இடம். அரசு தாங்கும் போட்டியாளர் நட்டப்பட்டாலோ இருக்கைகள் அப்படியே இருக்கும். மூலதனம் வரும், புது விமானம் வரும், மலிவு விற்பனையும் வரும். சாதாரணத் தொழிலில் பலவீனமானவர் வெளியேறுவதால் எஞ்சியவர் இலாபம் பார்க்கிறார். இந்தத் தொழிலில் அந்த வெளியேற்றத்தை எதிர்பார்த்துப் பங்கு வாங்கக்கூடாது.

பினாங்கு–கோலாலம்பூர் தடத்தை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். தூரம் சுமார் 325 கிலோமீட்டர். 180 இருக்கை ஏ320 விமானம் ஒரு தடவை பறந்தால் 58,500 இருக்கை-கிலோமீட்டர். இதைத்தான் அறிக்கைகளில் ஏஎஸ்கே என்று குறிப்பிடுகிறார்கள். ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எல்லாச் செலவும் சேர்த்து 20 சென் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பறப்புச் செலவு 11,700 ரிங்கிட். 85 விழுக்காடு நிரம்பினால் 153 பயணிகள், ஆளுக்கு 76.50 ரிங்கிட் அளவில் வந்தால் கையைக் கடிக்காது. இப்போது எதிராளி 10 ரிங்கிட் குறைக்கிறார், நாமும் குறைக்கிறோம். விலை குறைந்ததால் விமானம் 90 விழுக்காடு நிரம்புகிறது என்றே வைத்துக்கொண்டாலும், 162 பேர் ஆளுக்கு 66.50 ரிங்கிட் கொடுத்தால் வருவது சுமார் 10,770 ரிங்கிட். ஒரு பறப்புக்கு 930 ரிங்கிட் துண்டு விழுகிறது. விமானம் முன்பைவிட அதிகம் நிரம்பியிருக்கிறது, நட்டமும் வந்திருக்கிறது. ‘விமானமெல்லாம் ஃபுல்’ என்பதை இலாபத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குறுகிய தடங்களில் விமானம் ஏறி இறங்கும் செலவு சிறிய தூரத்தின் மேலேயே விழுவதால் இந்த அடி இன்னும் பலமாக இருக்கும். பட்டர்வொர்த்துக்கு ஓடும் இடிஎஸ் இரயிலும் விரைவுப் பேருந்துகளும் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பைப் போட்டு வைத்திருக்கின்றன.

உதவி என்றால் ரொக்கம் மட்டுமல்ல. எந்த நாட்டின் எந்த நகரத்துக்கு யார் பறக்கலாம் என்பது இரு நாட்டு ஒப்பந்தங்களைப் பொறுத்தது. அந்த உரிமையை நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையை 2016-இலிருந்து மேவ்காம் ஆணையம் செய்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. சென்னை, திருச்சி போன்ற தடங்களில் எவ்வளவு இருக்கை போடலாம் என்பதை நிறுவனம் தனியாகத் தீர்மானிக்க முடியாது.

அடுத்தது விமான நிலையக் கட்டணம். 2018-இல் ஆசியானுக்கு அப்பால் செல்லும் பயணிகளுக்கான சேவைக் கட்டணம் கோலாலம்பூரின் மலிவு விமான முனையமான கேஎல்ஐஏ2-இல் 50-லிருந்து 73 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டபோது, ஏர் ஆசியா கூடுதல் 23 ரிங்கிட்டை வசூலிக்க மறுத்தது. மலேசியா ஏர்போர்ட்ஸ் வழக்குப் போட்டது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் விமான நிலைய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் கட்டணம் 50 ரிங்கிட்டாகக் குறைக்கப்பட்டது. மலிவு விலை நிறுவனத்துக்கு 23 ரிங்கிட் என்பது சில தடங்களில் மொத்த இலாபமே. அந்த விமான நிலைய நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரர் அன்றும் கசானாதான், இன்றும் கசானாதான். யார் மீதும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் பங்கு நிறுவனத்துக்குத் தரையை வாடகைக்கு விடுபவரும் அதன் முதல் போட்டியாளரின் உரிமையாளரும் ஒருவரே என்பது, வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய தகவல்.

பண்டிகைக் காலத்தில் சபா, சரவாக் பறப்புகளுக்கு அரசு ஏற்பாட்டில் வரும் கட்டண உச்சவரம்பும் இதில் சேரும். வருடத்தில் அதிகம் சம்பாதிக்க வேண்டிய நாட்களில் அங்கே ஒரு கூரை போடப்படுகிறது. மக்களுக்கு நல்லது. பங்குதாரருக்கு வருமானக் குறைவு.

‘ஏர் ஆசியாவையும் அரசு விழ விடாது’ என்று சொல்பவர்கள் நிறைய. விடாமலேயே போகலாம். ஆனால் நிறுவனம் பிழைப்பது வேறு, பங்குதாரர் பிழைப்பது வேறு. மலேசியா ஏர்லைன்ஸின் வரலாறு இதற்குப் போதும். 2000 டிசம்பரில் செய்த ஒப்பந்தத்தின்படி அரசு அதன் 29.09 விழுக்காட்டுப் பங்கை அன்றைய பெரும்பங்குதாரரிடமிருந்து பங்குக்கு 8 ரிங்கிட், மொத்தம் 179 கோடி ரிங்கிட் கொடுத்து வாங்கியது. அப்போதைய சந்தை விலை 3.62 ரிங்கிட். சிறு பங்குதாரர்களுக்கு அந்த 8 ரிங்கிட் கிடைக்கவில்லை. 2011-இல் 252 கோடி ரிங்கிட் நட்டம். 2013-இல் ஒரு பங்குக்கு நான்கு என்ற கணக்கில், பங்கு 23 சென்னுக்கு உரிமைப் பங்கு (இருக்கும் பங்குதாரர்களுக்கே முதலில் தரும் புதிய பங்கு) வெளியிட்டு 300 கோடிக்கு மேல் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே கசானா பங்குக்கு 27 சென் கொடுத்து, சுமார் 138 கோடி ரிங்கிட் செலவில் சிறு பங்குதாரர்களை வெளியேற்றி, 600 கோடி ரிங்கிட் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2015 செப்டம்பர் 1-இல் புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியது. விமானங்கள் காப்பாற்றப்பட்டன, சின்னம் காப்பாற்றப்பட்டது. பல வருடம் பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு 27 சென். அந்தச் சீரமைப்பின் பலன் பிறகு தெரிந்தது: 2023-இல் குழுமம் 76.6 கோடி ரிங்கிட் நிகர இலாபம் ஈட்டியது. 2024-இல் அது 5.4 கோடியாக இறங்கியது. இரண்டுமே பழைய சிறு பங்குதாரருக்குச் சம்பந்தமில்லாத எண்கள்.

எல்லா அரசு உதவியும் இப்படி முடிவதில்லை. 2020-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இரண்டு பங்கு வைத்திருப்பவருக்கு மூன்று புதிய பங்கு என்ற கணக்கில் 3 சிங்கப்பூர் டாலருக்குக் கொடுத்தது. கூடவே கட்டாயமாகப் பங்காக மாறும் பத்திரங்களையும் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் கொடுத்தது. சுமார் 55 விழுக்காடு வைத்திருந்த, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் தன் பங்கை எடுத்ததோடு, மற்றவர்கள் எடுக்காததையும் எடுத்துக்கொள்வதாக உறுதி சொன்னது. சிறு பங்குதாரருக்கும் அரசு நிறுவனத்துக்கும் ஒரே விலை, ஒரே கதவு. ஜெர்மனியில் அப்படி நடக்கவில்லை. அதே ஆண்டு லுஃப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ உதவித் திட்டம் வந்தபோது, அரசு நிதியம் 20 விழுக்காட்டுப் பங்கைச் சந்தை விலைக்கு மிகக் கீழே, 2.56 யூரோவுக்கு எடுத்துக்கொண்டு 2022-இல் இலாபத்தோடு விற்றது. அந்தத் தள்ளுபடியின் செலவு மற்றப் பங்குதாரர் தலையில் விழுந்தது. ஆகவே ‘அரசு உதவும்’ என்ற செய்தி வந்தால் கேட்க வேண்டியது: எந்த விலையில், யாருக்கு, நமக்கும் அதே விலையில் வாய்ப்பு உண்டா?

சிங்கப்பூர் எடுத்துக்காட்டிலேயே உரிமைப் பங்கின் கணக்கையும் பார்த்துவிடலாம், நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். அறிவிப்புக்கு முன் விலை 6.50 டாலர். இரண்டு பழைய பங்கு 13 டாலர், மூன்று புதியது 9 டாலர், ஆக ஐந்து பங்கு 22 டாலர். ஒரு பங்கு 4.40. ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கு 1,500 உரிமைகள் வரும். ஒவ்வொன்றும் கோட்பாட்டளவில் 1.40 டாலர் மதிப்பு. பணம் கட்டி எடுக்கலாம், அல்லது உரிமையை விற்று சுமார் 2,100 டாலர் பெறலாம். இரண்டும் செய்யாமல் கடிதத்தை இழுப்பறையில் போட்டவருக்கு 6,500 டாலர் சொத்து 4,400 டாலராகிவிடும்.

மலேசியாவில் இதன் நடைமுறை இது. உரிமை ஒதுக்கீட்டு அறிவிப்பும் விண்ணப்பப் படிவமும் உங்கள் பங்குகள் மின்முறையில் இருக்கும் சிடிஎஸ் கணக்கில் பதிவான முகவரிக்கு வரும். வீடு மாறியவர்கள், பெற்றோர் பெயரில் பழைய தோட்ட முகவரியில் கணக்கு வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். முகவரியையும், இலாப ஈவு வரவேண்டிய வங்கிக் கணக்கையும் தரகு நிறுவனத்தில் உடனே புதுப்பியுங்கள். சில மாற்றங்களைப் புர்சா எனிவேர் செயலியிலேயே செய்யலாம். உரிமைகள் பங்கின் பெயரோடு ‘ஓஆர்’ என்ற எழுத்துகள் ஒட்டிச் சில நாட்கள் மட்டுமே விற்பனையாகும், பொதுவாக ஐந்து சந்தை நாட்கள். விற்பனை முடியும் நாளும், பணம் கட்டும் கடைசி நாளும் வேறு வேறு. கடைசி நாளில் விற்றுவிடலாம் என்று காத்திருந்தால் விற்க முடியாது. தரகு நிறுவனத்தின் பெயரில் இருக்கும் நாமினி கணக்கில் வைத்திருப்பவர்களுக்குத் தரகு நிறுவனம் இன்னும் சில நாள் முன்னதாகவே கெடு வைக்கும்.

இப்போது ஏர் ஆசியா குடும்பத்தின் நெடுந்தூர விமான நிறுவனமான ஏர் ஆசியா எக்ஸ். 2013 ஜூலை 10-இல் 1.25 ரிங்கிட்டுக்குப் பட்டியலிடப்பட்டது. ஆயிரம் பங்கு வாங்கியவர் போட்டது 1,250 ரிங்கிட். 2015-இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் 22 சென்னுக்கு உரிமைப் பங்கு வந்தது. 750 பங்குக்கு 165 ரிங்கிட் கட்டியிருந்தால் மொத்தம் 1,415 ரிங்கிட்டுக்கு 1,750 பங்கு. கோவிட் முடக்கத்தில் நிறுவனம் கடன்காரர்களுடன் செய்த ஏற்பாட்டில், சுமார் 3,365 கோடி ரிங்கிட் கோரிக்கைகளுக்கு 0.5 விழுக்காடு மட்டுமே கொடுக்கப்பட்டது. அதோடு பத்துப் பங்கு ஒன்றாகச் சுருக்கப்பட்டது. 1,750 பங்கு 175 ஆனது. போட்ட பணத்தை எடுக்க ஒரு பங்கு 8.09 ரிங்கிட்டுக்குப் போக வேண்டும். உரிமைப் பங்கு எடுக்காதவருக்கு அது 12.50 ரிங்கிட். ஏர் ஆசியா விமான நிறுவனங்களை ஏர் ஆசியா எக்ஸின் கீழ் கொண்டுவர 2024-இல் போட்ட திட்டத்தில் புதிய பங்குக்கு வைத்த விலை 1.30 ரிங்கிட். அந்த விலையில் 175 பங்கின் மதிப்பு 227.50 ரிங்கிட்.

கோவிட் கால ஏற்பாட்டின்போது ஏர் ஆசியா எக்ஸில் 99.9 விழுக்காடு மூலதனக் குறைப்பும் செய்தார்கள். ‘நம் பங்கில் 99.9 விழுக்காடு போய்விட்டது’ என்று பலர் பதறினார்கள். மூலதனக் குறைப்பு என்பது திரண்ட நட்டத்தைக் கணக்குப் புத்தகத்தில் மூலதனத்தோடு கழித்துக்கொள்வது. உங்கள் பங்கு விழுக்காடு அதனால் மாறாது. பத்துக்கு ஒன்று என்ற சுருக்கலும் எல்லாருக்கும் சமமாக நடப்பதால் விழுக்காடு மாறாது. விழுக்காட்டைக் குறைப்பது புதிய பங்கு வெளியீடு மட்டுமே. 2024 அக்டோபரில் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட அந்தத் திட்டத்தில், 300 கோடி ரிங்கிட் மதிப்புள்ள ஒரு பகுதிக்கு ஈடாகச் சுமார் 230.8 கோடி புதிய பங்குகள். அப்போது இருந்தவை சுமார் 44.7 கோடி. அதாவது பழைய பங்குதாரர் அனைவரும் சேர்ந்து ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே. இது தானாகவே கெட்டது என்று நான் சொல்லவில்லை; அந்தப் பங்குகளுக்கு ஈடாகப் பறந்துகொண்டிருக்கும் தொழில் உள்ளே வருகிறது. நட்டத்தை அடைக்க வெளியிடும் பங்கும், சொத்து வாங்க வெளியிடும் பங்கும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சுற்றறிக்கையில் ‘மொத்தப் பங்கு எண்ணிக்கை, முன்னும் பின்னும்’ என்ற அட்டவணையைத் தேடுங்கள். கைப்பேசியில் தெரியும் விலைக் கோடு சுருக்கலுக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கும் என்பதால், பழைய விலையை நினைவிலிருந்து ஒப்பிட்டால் தப்பாகிவிடும்.

காலாண்டு அறிக்கை ஒவ்வொரு காலாண்டும் முடிந்த இரண்டு மாதத்துக்குள் புர்சா இணையத்தளத்தில் வந்தாக வேண்டும். அதில் முதல் பக்கத்து நிகர இலாபத்தை நம்பாதீர்கள். விமானக் குத்தகைகள் அமெரிக்க டாலரில் இருக்கின்றன; 2019 முதல் எம்எஃப்ஆர்எஸ் 16 என்ற கணக்கியல் விதிப்படி அவை கடனாகவே இருப்புநிலைக் குறிப்பில் ஏறுகின்றன. 2024 பிப்ரவரியில் 4.80-ஐ ஒட்டிச் சென்ற டாலர், செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு இறங்கியது. ஒவ்வொரு 10 கோடி டாலர் கடனுக்கும் 6.8 கோடி ரிங்கிட் ‘இலாபம்’ காகிதத்தில் வந்திருக்கும். ஒரு பயணிகூட அதிகமாக ஏறியிருக்க வேண்டியதில்லை. ரிங்கிட் சரிந்தால் அதே கணக்கு தலைகீழாகும். செலாவணி இலாப நட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் தொழிலைப் பார்க்க வேண்டும்.

நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும் ஈபிஐடிடிஏ (வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள இலாபம்) எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. குத்தகைச் செலவு இப்போது தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து ஈபிஐடிடிஏவுக்குக் கீழே போய்விட்டது. ஆகவே குத்தகையில் ஓடும் நிறுவனத்தின் ஈபிஐடிடிஏ எப்போதும் பார்க்க அழகாக இருக்கும். பணப்புழக்க அறிக்கைக்குப் போங்கள். தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தை எடுத்து, அதிலிருந்து நிதியளிப்புப் பகுதியில் இருக்கும் ‘குத்தகைக் கடன் திருப்பிச் செலுத்துதல்’ தொகையையும், வேறெங்காவது தனியாகக் காட்டியிருந்தால் குத்தகை வட்டியையும் கழியுங்கள். மிச்சம் இருந்தால் அதுதான் உண்மையில் சம்பாதித்த பணம். இந்த ஒரு கழித்தலை நான்கு காலாண்டுக்குச் செய்துபார்க்காமல் யாரும் விமானப் பங்கு வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின் இரண்டு மூன்று இடங்களை விரைவாகப் பார்த்தால் போதும். முன்பதிவுப் பணம் எவ்வளவு என்று பாருங்கள். பறக்காத பயணத்துக்கு மக்கள் கட்டிய பணம் அது, கையிருப்பு ரொக்கத்தில் பெரும்பகுதி அதுவாகவே இருந்தால் நிறுவனத்துடையது என்று சொல்ல அதிகம் இல்லை. எரிபொருளில் எத்தனை விழுக்காட்டுக்கு முன்கூட்டியே விலை நிர்ணயித்திருக்கிறார்கள் என்பது குறிப்புகளில் இருக்கும். தணிக்கையாளர் அறிக்கையில் ‘நிறுவனம் தொடர்ந்து இயங்குவது குறித்த முக்கிய ஐயப்பாடு’ என்ற பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தப் பத்தியும் மூலதனத்தில் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பங்குதாரர் நிதியும் சேர்ந்தால், நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்களுக்கான புர்சாவின் பிஎன்17 பட்டியலுக்கு வழி திறக்கிறது. ஏர் ஆசியா எக்ஸ் 2021 அக்டோபரில் அதில் சேர்ந்து 2023 நவம்பரில் வெளியே வந்தது. ஏர் ஆசியா குரூப், பிறகு கேப்பிட்டல் ஏ என்று பெயர் மாறிய நிறுவனம், 2022 ஜனவரியில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் இருக்கும் பங்கை வாங்கத் தரகர்கள் பெரும்பாலும் கடன் வசதி தருவதில்லை.

சிறப்பு இலாப ஈவு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019-இல் ஏர் ஆசியா பங்குக்கு 90 சென் கொடுத்தபோது மகிழாதவர் இல்லை. அந்தப் பணம் டிக்கெட் விற்று வந்ததல்ல. விமானங்களைக் குத்தகை நிறுவனங்களுக்கு விற்று, அவற்றையே மாத வாடகைக்குத் திரும்ப எடுத்ததில் வந்தது. சில மாதத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது அடகு வைக்கச் சொந்த விமானம் குறைவு, வாடகையோ நிற்கவில்லை. சொத்து விற்ற பணத்தை ஈவாகக் கொடுக்கும் ஆண்டில், அந்த ஈவைச் செலவழிக்காமல் அடுத்த உரிமைப் பங்குக்கு ஒதுக்கி வைப்பதே சரி.

இவ்வளவும் பார்த்த பிறகும் வாங்க விரும்புபவர் இருக்கலாம். ஒரு போட்டியாளர் இருக்கைகளைக் குறைக்கும் காலம் வாய்ப்பான காலம்: 2024 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மலேசியா ஏவியேஷன் குரூப் தன் பறப்புகளை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் அதே குழுமம் 2025 மார்ச்சில் 30 போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு உறுதி ஆர்டர் கொடுத்து, இன்னும் 30-க்கு விருப்ப உரிமையும் வைத்துக்கொண்டது. அந்தக் குழுமத்தின் போர்னியோ உள்தட விமான நிறுவனமான மாஸ்விங்ஸை வாங்க சரவாக் அரசு அதே ஆண்டு பிப்ரவரியில் கையெழுத்திட்டது. போர்னியோ வானத்திலும் அரசு பணம் வருகிறது. இருக்கைகள் வரும் ஆண்டுகளையும் நீங்கள் பங்கு வைத்திருக்கப்போகும் ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொகையைப் பொறுத்தவரை, கையிலுள்ள முதலீட்டில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் துறையில் போடுவது எனக்கு உவப்பில்லை. 6,000 ரிங்கிட் ஒதுக்கினால் 4,000-க்கு வாங்கிவிட்டு 2,000 ரிங்கிட்டை உரிமைப் பங்குக்கென்று தனியே வையுங்கள். 4,000 ரிங்கிட் கொள்முதலுக்கு முத்திரை வரி ஆயிரத்துக்கு ஒரு ரிங்கிட் வீதம் 4 ரிங்கிட், தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு, அதாவது 1.20 ரிங்கிட், மேலே தரகர் கூலி. குறைந்தபட்சத் தரகு உண்டு என்பதால் நூறு நூறு பங்காகப் பிரித்து வாங்கினால் கூலியிலேயே இலாபம் கரையும். சேமநிதியிலிருந்து எடுத்த பணமும் பிள்ளைகள் படிப்புப் பணமும் இதில் வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வணிகப் பக்கத்தில் பங்கு விலையை மட்டும் வெளியிடாமல், விமான நிறுவனங்களுக்கு மொத்தப் பங்கு எண்ணிக்கையையும், மாற்றத்தக்க பத்திரங்கள், வாரண்டுகள் (குறித்த விலையில் புதிய பங்கு வாங்கும் உரிமைச் சீட்டுகள்) எல்லாம் பங்கானால் அந்த எண்ணிக்கை எவ்வளவாகும் என்பதையும் காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்து அச்சிடுங்கள். நான்கு வரி இடம் போதும். அதோடு, பட்டியலில் இல்லாவிட்டாலும் பொதுப் பணத்தில் நடக்கும் மலேசியா ஏவியேஷன் குரூப், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைப் போலவே முழுக் காலாண்டுக் கணக்கையும் பணப்புழக்க அறிக்கையோடு வெளியிட வேண்டும் என்று கசானாவிடம் உங்கள் தலையங்கம் கேட்க வேண்டும். எதிர்த்தரப்பின் கணக்கு தெரியாமல் இந்தத் தரப்பின் பங்கை எடைபோடச் சிறு முதலீட்டாளருக்கு வேறு வழி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு